கூட நின்றவர் ஏன் வாய் திறக்கவில்லை?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஒரு காவலர் தவறு செய்யும்போது, அதைப் பார்த்த சக காவலர் ஏன் சொல்வதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுக்க அதற்கே ஒதுக்குகிறேன். நான் சீருடையில் இருந்தவன். பணிக்காலத்தின் பிற்பகுதியைப் பயிற்சிப் பள்ளியில் புதியவர்களுக்குப் பாடம் எடுப்பதிலும், துறை விசாரணைகளில் உட்காருவதிலும் கழித்தவன். எழுதியவர்களில் பலர் பணியில் இருப்பவர்கள் அல்லது அவர்களுடைய வீட்டார். யாருடைய பெயரையும் ஊரையும் போடவில்லை.

ஒருவர் அடிக்கிறார், நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள். அந்த நாலு பேரில் ஒருவருக்குக்கூட மனசாட்சி உறுத்தாதா? (கல்லூரி மாணவி)

உறுத்தும் அம்மா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனசாட்சி இல்லாதவர்களாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்த துறை என்று நினைத்துக்கொண்டால், இந்தப் பிரச்சினை புரியாமலே போய்விடும்.

பயிற்சிக்கு வரும் புதியவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். "விலங்கு மாட்டி உட்கார வைத்திருக்கும் ஆளை, உன்னோடு வந்தவர் அறைகிறார். அறிக்கையில் என்ன எழுதுவாய்?" வகுப்பே ஒரே குரலில், "நடந்ததை எழுதுவோம் ஐயா" என்னும். அதே பிள்ளைகள் சில வருடம் ஸ்டேஷனில் வேலை பார்த்துவிட்டுப் புத்தாக்கப் பயிற்சிக்கு வருவார்கள். அதே கேள்வியைக் கேட்டால் வகுப்பு தலையைக் குனிந்துகொள்ளும். ஒருமுறை ஒரு பையன் மட்டும் எழுந்து, "கேள்வி சரிதான் ஐயா. ஆனா நாளைக்கு நைட் ரவுண்ட்ஸ் நான் அவரோடதான போகணும்" என்றான். இந்த விஷயத்தில் நான் கேட்ட மிக நேர்மையான பதில் அதுதான்.

மற்ற அலுவலகங்களில் சக ஊழியரைப் பகைத்துக்கொண்டால் மதிய நேரத்தில் தனியாகச் சாப்பிட வேண்டியிருக்கும். இங்கே அப்படியில்லை. நள்ளிரவில் கத்தியோடு நிற்பவன் முன்னால் நீங்கள் நிற்கும்போது, வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் ஓடி வர வேண்டியவர் அவர்தான். அவர் வராமலே இருக்க வேண்டியதில்லை, நாலு நிமிஷம் தாமதமாக வந்தால் போதும். அப்படி யாரும் வாய்விட்டு மிரட்டுவதில்லை. மிரட்டத் தேவையும் இல்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் உயிர்பயம் பாதிக் கதைதான். மீதிப் பாதி, சின்னச் சின்னக் கடன்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் நீங்கள் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறீர்கள். வருகைப் பதிவேட்டில் சரியான நேரத்துக்கு வந்ததாகப் போட்டு வைக்கிறார் சீனியர். பாரா டூட்டியில், அதாவது ஸ்டேஷனில் காவல் நிற்கும்போது, கண் அசந்துவிட்டீர்கள், ஆய்வுக்கு மேலதிகாரி வரும் சத்தம் கேட்டதும் அவர் வந்து தட்டி எழுப்புகிறார். ரோந்துப் புத்தகத்தில் போகாத தெருவுக்குப் போனதாக இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறீர்கள். இவை எல்லாம் நல்ல மனதோடு நடப்பவை. புதிதாக வந்தவனுக்கு அது அன்பாகத்தான் தெரியும், பல நேரம் அது அன்பேதான். ஆறு மாதம் கழித்து அதே சீனியர், லாக்கப்பில் ஒருவனை அடிக்கிறார். இப்போது இவன் பேசினால், முதலில் வெளியே வருவது அவர் அடித்தது அல்ல, இவன் போட்ட அந்தப் பொய்க் கையெழுத்துகள். நான் உட்கார்ந்த துறை விசாரணைகளில் சாட்சி சொல்ல வந்தவர்கள் பாதியில் நின்றுபோன இடம் பெரும்பாலும் இதுதான். எதிர்த்தரப்பில் இருந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்து மேஜையில் வைப்பார்கள். அதற்கப்புறம் சாட்சிக்குக் குரல் எழும்பாது.

அமெரிக்காவில் 121 காவல்துறைகளைச் சேர்ந்த 925 பேரிடம் எடுத்த ஓர் ஆய்வு 2000-ல் வெளிவந்தது. சக காவலரின் தவறைக் கண்டும் காணாமல் இருப்பது அபூர்வமில்லை என்று பாதிக்குச் சற்று அதிகமானோர் ஒப்புக்கொண்டார்கள். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய கடுமையான குற்றங்களைக்கூட எப்போதும் தெரிவிப்பதில்லை என்று 10-ல் 6 பேர் சொன்னார்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்றால் அவர்களே உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்கு எது தவறு என்று தெரியாமல் இல்லை.

நல்லவர்களும் கெட்டவர்களும் எல்லாத் துறையிலும் உண்டு. ஒரு சிலர் செய்வதற்கு மொத்தத் துறையையும் குறை சொல்லலாமா? (வணிகர்)

இந்தக் கேள்விக்கு 1972-லேயே பதில் வந்துவிட்டது. நியூயார்க் காவல்துறையின் லஞ்சத்தை விசாரித்த நாப் ஆணையம், 'ஒரு சில அழுகிய பழங்கள்' என்ற பேச்சுதான் சீர்திருத்தத்துக்கே பெரிய தடை என்று எழுதியது. அந்த ஆணையம் லஞ்சம் வாங்குபவர்களை இரண்டு வகையாகப் பிரித்தது. தேடித் தேடிப் போய்ப் பெரிய தொகை பறிப்பவர்கள் சிலர். கைக்கு வருவதை மட்டும் வாங்கிக்கொள்பவர்கள் பலர். இரண்டாவது வகையினர்தான் பிரச்சினையின் நடுமையம் என்றது ஆணையம். அவர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் லஞ்சம் மரியாதைக்குரிய வழக்கமாகிவிடுகிறது. நான் மேலே சொன்ன சின்னக் கடன்களும் அப்படித்தான். மனிதர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதே இல்லை.

ஐயா, நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு கைது நடந்தபோது நான் வெளியே ஜீப் அருகில் நின்றேன். ஆனால் உள்ளே இருந்து எல்லாவற்றையும் பார்த்ததாகவும், அந்த ஆள் தானே வழுக்கி விழுந்ததாகவும் எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். "எல்லோரும் போட்டாச்சு, நீ மட்டும்தான் பாக்கி" என்கிறார்கள். என்ன செய்வது? (இளம் காவலர்)

தம்பி, போடாதீர்கள்.

இப்படிச் சொல்வது எனக்குச் சுலபம், நான் ஓய்வு பெற்றவன். அதனால் எப்படிப் போடாமல் இருப்பது என்பதையும் சொல்கிறேன். மறுப்பதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லாதீர்கள். "நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள்" என்று ஆரம்பித்தால் அந்த நிமிஷமே சண்டை. "நான் ஜீப் பக்கத்தில் இருந்தேன் ஐயா, அங்கிருந்து பார்த்ததை மட்டும் எழுதித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அதைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எந்த நேரத்தில், எங்கே நின்றீர்கள், உள்ளே யார் யார் போனார்கள், என்ன சத்தம் கேட்டது, அந்த ஆள் வெளியே வரும்போது எப்படி நடந்தார். பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுங்கள், ஊகம் ஒரு வரிகூட வேண்டாம். பல அதிகாரிகள் இந்த இடத்தில் தாளைச் சத்தமில்லாமல் கிழித்துப் போட்டுவிட்டு உங்களைச் சாட்சிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அது முழு நீதி அல்ல. ஆனால் பொய்யில் உங்கள் கையெழுத்து இருக்காது.

அன்றைக்கு இரவே வீட்டில் உட்கார்ந்து நடந்ததைத் தேதி போட்டு உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். ஸ்டேஷன் கோப்புகளைப் படம் எடுக்காதீர்கள், வெளியே கொண்டுபோகாதீர்கள். உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க அது ஒன்றே போதும். காவல்துறையோடு சம்பந்தமில்லாத ஒரு வக்கீலிடம் பேசுங்கள். முதல் வேலையாகப் பத்திரிகைக்குப் போகாதீர்கள். நாளை நீதிபதி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ நிற்க வேண்டி வந்தால், உங்கள் நோட்டில் இருப்பதையே சொல்லுங்கள்.

'புதியவன், எனக்கென்ன தெரியும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்' என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அதை நம்ப வேண்டாம். 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் ஒரு காவலர் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் முழங்காலை வைத்து அழுத்தினார், அவர் இறந்துபோனார். கூட இருந்தவர்களில் இரண்டு பேர் வேலைக்கு வந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. அதில் ஒருவருக்குக் களப் பயிற்சி கொடுத்தவரே அந்தக் காவலர்தான். இன்னொரு புதியவர், "ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா?" என்று கேட்டார், ஒரு தடவைக்கு மேல் கேட்டார். முழங்காலை வைத்திருந்த, 19 வருட அனுபவம் உள்ள அந்தக் காவலர் வேண்டாம் என்றதும் அடங்கிவிட்டார். அந்த இரண்டு இளைஞர்களும் சிறைக்குப் போனார்கள். கேள்வி கேட்டதை நீதிமன்றம் போதுமென்று எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பையன் கேட்டான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். கேட்கத் தெரிந்தவனுக்கு, கேட்டது பலிக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

சக ஊழியரைக் காப்பாற்றிக்கொள்வது டாக்டர்களிடமும் வக்கீல்களிடமும் இல்லையா? காவலர்களை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள்? (ஆசிரியை)

இருக்கிறது, அங்கும் தவறுதான். வித்தியாசம் ஒன்றுதான். டாக்டர் தவறு செய்தால் அதை விசாரிக்கப் போலீஸ் வரும். போலீஸ் தவறு செய்தால் விசாரிக்க வருவதும் போலீஸ். காட்சியைப் பார்த்தவர், பதிவேட்டை எழுதுபவர், காயத்தைக் குறித்துக்கொள்பவர், சாட்சியை அழைப்பவர் எல்லோரும் ஒரே சீருடையில் இருக்கிறார்கள். நமது உச்ச நீதிமன்றமே 1995-ல் மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஒரு காவல் மரண வழக்கில் இதை எழுதியிருக்கிறது. சகோதர பாசத்தால் கட்டுண்ட காவலர்கள் வாய் மூடி இருப்பதும், சக காவலரைக் காப்பாற்ற உண்மையைத் திரிப்பதும் தெரியாத விஷயமில்லை, அதனால் காவலர்களே நேரடி சாட்சி சொல்வார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பேசியவர்களுக்கு என்ன ஆனது? நல்லது நடந்ததாக ஒரு கதையாவது உண்டா? (காவலரின் மனைவி)

அம்மா, நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டில் இதைப் பற்றி ஏற்கெனவே பேச்சு நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது. அதனால் இனிப்பாக எதுவும் சொல்ல மாட்டேன்.

ஃபிராங்க் செர்பிகோ நியூயார்க் காவலர். சக காவலர்கள் வாங்கும் மாமூலைப் பற்றி 1967 முதல் மேலதிகாரிகளிடம் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. 1970-ல் செய்தி பத்திரிகையில் வந்த பிறகுதான் நாப் ஆணையம் அமைந்தது. 1971 பிப்ரவரியில் ஒரு போதைப்பொருள் சோதனையில் அவர் முகத்தில் குண்டு பாய்ந்தது. உதவிக்குக் கூப்பிட்டது கூட வந்த காவலர்கள் அல்ல, அந்தக் கட்டடத்தில் குடியிருந்த ஒரு முதியவர் என்று செர்பிகோ சொல்லி வந்திருக்கிறார். ஒரு காதில் கேட்கும் திறன் போனது. அந்த வருடக் கடைசியில் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். துறை அவருக்கு உயரிய பதக்கம் கொடுத்தது. அதற்கான சான்றிதழ் அவர் கைக்கு வந்தது 2022-ல்.

கரியோல் ஹார்ன் பஃபலோ நகரக் காவலர். 2006-ல் விலங்கு மாட்டிய ஒருவரின் கழுத்தை நெரித்த சக காவலரைத் தடுத்தார். வேலை போனது, ஓய்வூதியத்துக்குக் கொஞ்ச காலமே பாக்கி இருந்தது. அவர் தடுத்த அந்தக் காவலர் பின்னாளில் வேறு ஒரு சம்பவத்தில் அத்துமீறியதற்காகச் சிறை சென்றார். 2021-ல் நீதிமன்றம் ஹார்னுக்கு ஓய்வூதியத்தைத் திருப்பிக் கொடுத்தது. சக காவலரைத் தடுப்பவரைப் பாதுகாக்க அந்த நகரம் அவர் பெயரிலேயே சட்டமும் கொண்டுவந்தது.

அயர்லாந்தில் மாரிஸ் மெக்கேப் என்ற சார்ஜென்ட், போக்குவரத்து விதியை மீறினால் ஓட்டுநர் உரிமத்தில் ஏறும் அபராதப் புள்ளிகள் வேண்டியவர்களுக்கு மட்டும் ரத்தாவதை வெளியே சொன்னார். 2014 ஜனவரியில் அந்த நாட்டுக் காவல்துறைத் தலைவரே நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, இப்படி வெளியே சொல்வது அருவருப்பானது என்ற அர்த்தத்தில் பேசினார். மெக்கேப்பைப் பற்றிக் குழந்தைகள் நல அமைப்பின் கோப்பில் ஒரு கொடிய பொய் இருந்தது. வேறொருவரைப் பற்றிய பாலியல் குற்றச்சாட்டின் வரிகள் அவர் பெயரின் கீழ் ஒட்டப்பட்டிருந்தன. தவறுதலாக நடந்தது என்றார்கள். குடும்பம் எப்படித் தாங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காவல்துறைத் தலைவர் அந்த மார்ச்சிலேயே பதவி விலகினார். 2018-ல் விசாரணைத் தீர்ப்பாயம், மெக்கேப்பின் பெயரைக் கெடுக்கத் தலைமையே அவதூறு பரப்பியது என்று எழுதி அவர் மேல் இருந்த கறையைத் துடைத்தது.

நம் பக்கத்தில் சாத்தான்குளம். 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் தான் பார்த்ததைச் சொன்னார். சொன்னவர், அதில் கையெழுத்துப் போடப் பயந்தார். வெளியே சக காவலர்கள் சூழ்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள், மாஜிஸ்திரேட்டையே இழிவாகப் பேசினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு ஸ்டேஷனை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து, அவருக்கும் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது.

நால்வரும் சொன்னது உண்மை. நால்வரும் விலை கொடுத்தார்கள். பார்த்தால் இன்னொன்றும் தெரியும். துறைக்குள்ளேயே நியாயம் கிடைத்தவர் ஒருவரும் இல்லை. பத்திரிகை, நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று வெளியில் இருந்த ஒரு கைதான் பிடித்துத் தூக்கியது. உங்கள் கணவர் பேச முடிவெடுத்தால், அந்த வெளிக்கை யார் என்பதை முதலில் தேடுங்கள். வக்கீல், மனித உரிமை ஆணையம், நீதிமன்றம், எதுவாகவும் இருக்கலாம். அது தெரியாமல் முதல் வார்த்தையைப் பேச வேண்டாம்.

பழிவாங்கல் எப்படி வரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சஸ்பென்ஷனாக வராது, அப்படி வந்தால் எதிர்த்து வழக்காவது போடலாம். லீவு விண்ணப்பம் மேஜையில் கிடக்கும். நைட் டூட்டி தொடர்ந்து விழும். பந்தோபஸ்துக்குத் தொலைதூரம் அனுப்புவார்கள். அவர் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நிற்கும். "போட்டுக் கொடுத்தவன்" என்ற பெயர் அவர் போகும் ஸ்டேஷனுக்கு அவருக்கு முன்னாலேயே போய்ச் சேரும். ஒவ்வொன்றையும் தேதியோடு குறித்து வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாதது, வரிசையாக எழுதினால் சாட்சியமாகும்.

"பார்த்ததை உடனே தெரிவிக்காவிட்டால் உனக்கும் தண்டனை" என்று விதியைக் கடுமையாக்கினால் எல்லோரும் சொல்லிவிடுவார்களே? (பணியில் உள்ள உதவி ஆய்வாளர்)

பல துறைகளில் இப்படி ஒரு விதி ஏற்கெனவே இருக்கிறது. நல்ல எண்ணத்தில் எழுதியது. ஆனால் தனியாக அதை மட்டும் வைத்தால் மௌனத்தை அது இன்னும் இறுக்கிவிடும் என்பது என் கருத்து.

யோசித்துப் பாருங்கள். சம்பவம் நடந்த இரவு ஒருவருக்குக் கை நடுங்குகிறது, குழப்பம், சீனியர்கள் சுற்றி நிற்கிறார்கள். அன்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் தூக்கம் வராமல், மூன்றாம் நாள் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. இப்போது விதி குறுக்கே நிற்கிறது. சொன்னால் முதல் கேள்வி, "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" அதாவது அவருடைய முதல் உண்மையே அவருடைய சொந்தக் குற்றத்தின் ஒப்புதல். அதோடு வாயை மூடிக்கொள்வார், இந்த முறை நிரந்தரமாக. நான் பார்த்த பல மௌனங்கள் கெட்ட எண்ணத்தில் பிறந்தவை அல்ல, இந்த மூன்றாம் நாளில் பிறந்தவை.

அதனால் கடமை விதியோடு சேர்த்து இன்னொரு விதி வேண்டும். தாமதமாக வந்தாலும், யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தானாக வந்து சொன்னவருக்குத் தாமதத்துக்காகத் தண்டனை கூடாது. தானே அடித்தவருக்கு இந்தச் சலுகை இல்லை. இது குற்றத்தை மன்னிப்பது ஆகாதா என்று சக அதிகாரிகள் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். பேசாத நாலு பேரைத் தண்டிக்கும் வசதியை விட்டுக்கொடுத்து, அடித்தவரைப் பிடிக்கும் வாய்ப்பை வாங்குகிறோம். லாக்கப்பில் இருப்பவனின் பக்கம் நின்று பார்த்தால் இதில் சந்தேகமே வராது.

இன்னொன்று, புகார் போய்ச் சேரும் இடம். உங்கள் ஆய்வாளரின் ஆளைப் பற்றிய புகாரை உங்கள் ஆய்வாளரிடமே கொடுக்க வேண்டும் என்றால் விதி எத்தனை கடுமையாக இருந்தும் பயனில்லை. வட அயர்லாந்தில் 2000 முதல் காவலர் மீதான பொதுமக்களின் புகார்களைக் காவல்துறைக்கு வெளியே உள்ள ஒரு குறைதீர்ப்பாளர் அலுவலகம், தன் சொந்த விசாரணையாளர்களை வைத்து விசாரிக்கிறது. இந்தியாவில் 2006-ல் உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனிப் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. ஊழலையும் தவறையும் வெளியே சொல்பவரைக் காக்கும் சட்டம் 2014-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, ஆனால் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. உங்களைப் போன்ற பதவியில் இருப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். கேட்டால் குரலுக்கு எடை உண்டு.

காவலர்கள் ஒருவரையொருவர் காட்டிக் கொடுக்க ஆரம்பித்தால் ஆபத்தில் யார் யாருக்காகப் பாய்வார்கள்? விசுவாசம் இல்லாத படை படையா? (முன்னாள் ராணுவ வீரர்)

ஐயா, விசுவாசம் வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். எப்போது விசுவாசம் என்பதில்தான் பேச்சு. சம்பவம் முடிந்த பிறகு பொய் சொல்லிக் காப்பாற்றுவதைவிட, நடக்கும்போதே கையைப் பிடித்து நிறுத்துவது பெரிய விசுவாசம். அதனால் நண்பனின் வேலையும் பிழைக்கிறது, எதிரில் இருப்பவனின் உயிரும் பிழைக்கிறது.

நியூ ஆர்லியன்ஸ் காவல்துறை 2016-ல் இதையே ஒரு பயிற்சியாகத் தொடங்கியது. அதன் அடிப்படை எர்வின் ஸ்டாப் என்ற உளவியலாளரின் ஆய்வுகள். சிறுவனாக ஹங்கேரியில் நாஜிகளிடமிருந்து தப்பியவர் அவர். கொடுமை நடக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்பதையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். அவருடைய முடிவு நமக்குப் பயன்படும். ஒருவர் அசைந்தால் மற்றவர்களும் அசைவார்கள், அந்த முதல் அசைவைப் பழக்கப்படுத்தலாம். காவலர்களுக்குச் சில வார்த்தைகளையும் சைகைகளையும் முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கிறார்கள். தோளைத் தொட்டு "நான் பார்த்துக்கிறேன், நீ தள்ளு" என்றால் கேள்வி கேட்காமல் விலக வேண்டும். பதவியில் சின்னவன் சொன்னாலும் விலக வேண்டும். நான் பயிற்சிப் பள்ளியில் இதைப் பிள்ளைகளை ஜோடி ஜோடியாக நிறுத்திச் செய்து பார்க்கச் சொல்வேன். முதல் தடவை யாருக்கும் கை வராது. பதவியில் மூத்தவரின் தோளைத் தொடுவதா என்று உறைந்து நிற்பார்கள். பத்துத் தடவை செய்ய வைத்தால் கூச்சம் போய்விடும். துப்பாக்கி சுடுவதற்கு ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கினால் போதும்.

எல்லா இடத்திலும் கேமரா வைத்துவிட்டால் சக காவலரின் சாட்சியே தேவையில்லையே? (மென்பொருள் பொறியாளர்)

கேமரா வேண்டும், ஆனால் அதுவும் யாரோ ஒருவரின் கையில்தான் இருக்கிறது. சாத்தான்குளத்தில் கேமரா இருந்தது, பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. சிகாகோவில் 2014 அக்டோபரில் லாகுவான் மெக்டொனால்டு என்ற 17 வயதுப் பையன் மீது ஒரு காவலர் 16 தோட்டாக்களைச் சுட்டார். கத்தியோடு பாய்ந்தான் என்று கூட நின்ற காவலர்களும் எழுதினார்கள். வீடியோவில் அவன் விலகித்தான் நடக்கிறான். அந்த வீடியோ மக்கள் கண்ணில் பட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, அதுவும் நீதிமன்ற உத்தரவால். சுட்டவர் 2018-ல் தண்டிக்கப்பட்டார். உண்மையை மறைக்கச் சதி செய்ததாக வழக்கில் நிறுத்தப்பட்ட மூன்று காவலர்கள் 2019-ல் விடுதலையானார்கள். கேமரா அடித்தவரைக் காட்டும். எழுதியவர்களை மாற்றாது.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நான் பணியில் இருந்தபோது ஒருவரை அடித்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். பார்த்தேன், சொல்லவில்லை. அடித்த அதிகாரி இறந்துவிட்டார். அந்த ஆள் தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டதாகக் கேள்வி. இனிமேல் சொல்லி என்ன பிரயோஜனம்? (பெயர் வேண்டாம்)

பிரயோஜனம் உண்டு ஐயா. சிகாகோவில் ஜான் பர்ஜ் என்ற அதிகாரியும் அவருடைய ஆட்களும் 1970-களிலிருந்து 1991 வரை சந்தேக நபர்களைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். 1989-ல், பாதிக்கப்பட்ட ஒருவரின் வக்கீல்களுக்கு அந்தத் துறையின் உறையிலேயே பெயரில்லாத கடிதங்கள் வந்தன. உள்ளே இருந்த யாரோ எழுதியவை. வேறு யாரையெல்லாம் தேடிப் போக வேண்டும் என்று அவை வழி காட்டின. எழுதியவர் யார் என்று இன்றுவரை வெளியே தெரியாது. சித்திரவதைக்காகப் பர்ஜைத் தண்டிக்கச் சட்டத்தின் காலக்கெடு முடிந்துபோயிருந்தது. ஆனால் அதைப் பற்றிப் பொய் சத்தியம் செய்ததற்காக 2010-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி அவர் சிறை சென்றார். பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த நகரம் 2015-ல் நிவாரணம் அறிவித்தது, மன்னிப்பும் கேட்டது.

உங்கள் விஷயத்தில் அடித்தவர் இல்லை, சரி. அடிபட்டவர் இருக்கிறார். வெளியே வந்துவிட்டார் என்பதால் அவர் மேல் உள்ள தீர்ப்பு போய்விடவில்லை. வேலை கேட்கப் போகும் இடத்தில், பெண்ணுக்கோ பையனுக்கோ கல்யாணம் பேசும் இடத்தில், அது கூடவே வரும். தண்டனை முடிந்த பிறகும் தீர்ப்பைத் திருத்தக் கேட்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது ஒரு வக்கீலின் வேலை. அவர் கையில் கொடுக்க உங்கள் ஒருவரிடம் மட்டும் இருப்பது, அந்த அறையில் நீங்கள் பார்த்தது.

ஒரு தாளை எடுத்து, வருடம், மாதம், எந்த ஸ்டேஷன், எந்த அறை, யார் யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். நினைவில் மங்கலாக இருப்பதை மங்கல் என்றே எழுதுங்கள். இறந்தவரைப் பற்றிக் கோபமாக ஒரு சொல்லும் வேண்டாம். முதலில் உங்களுக்கென்று ஒரு வக்கீலைப் பாருங்கள், உங்கள் மேல் எதுவும் திரும்புமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் அவர் மூலமாகவே அந்த மனிதரைத் தேடச் சொல்லுங்கள். நீங்களே நேராக அவர் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். உங்களைப் பார்க்க வேண்டுமா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர். வக்கீல் யாரும் தெரியாது என்றால் பத்திரிகை முகவரிக்கு எனக்கு எழுதுங்கள்.